தரைவழி சென்று கடல்வழி மீண்டவர்

வெனிஸ் நகரத்து வணிகர் மார்க்கோ போலோவின் பெயரை நம் பிள்ளைகள் பள்ளிப் பாடத்திலேயே அறிந்திருப்பர். பாண்டியர் காலத்துத் தமிழகத்தை நேரிற் கண்டு கூறியவர் என்று ஒரு வரி. குப்ளாய் கானின் அவையில் இருந்தவர் என்று மற்றொரு வரி. அத்தோடு பாடம் முடிந்துவிடும். அவருடைய வாழ்க்கையை முழுமையாக எடுத்து நோக்குவோருக்கோ ஒரு வினா எழும். 1271 இல் புறப்பட்ட அவர் ஆசியாக் கண்டத்தைத் தரைவழியே குறுக்காகக் கடந்து சீனம் சேர்ந்தார். இருபது ஆண்டுகள் கழித்து அங்கிருந்து திரும்பியபோது கப்பலேறிக் கடல்வழியே வந்தார். சென்ற வழி தெரிந்திருந்தும், அவ்வழியில் உதவக்கூடிய அரச இலச்சினை கையில் இருந்தும், ஏன் அவ்வழியே மீளவில்லை? இதற்கு விடை காண முற்பட்டால், ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக மக்களையும் பொருளையும் சுமந்த பெருவழி ஒன்றின் ஆக்கமும் அழிவும் நம் கண்முன் விரியும். அவ்வரலாற்றை இம்மலரில் நம்மால் இயன்ற அளவு உரைக்க விழைகின்றோம்.

முதற்கண் அப்பெருவழியைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். சீனத்து ஹான் பேரரசர் வூதி, கி.மு. 138 இல் சாங் சியான் என்னும் தூதரை மேற்றிசைக்கு அனுப்பினார். வடபுலத்துக் குதிரை வீரரான சியுங்நு மக்களை எதிர்க்கத் துணை தேடிச் சென்ற அத்தூதர், அம்மக்களிடமே சிறைப்பட்டுப் பத்தாண்டளவு கழித்தார். பின்னர்த் தப்பி, நடு ஆசியாவைக் கண்டு, கி.மு. 126 அளவில் தம் நாடு மீண்டார். தேடிச் சென்ற துணை கிட்டவில்லை. ஆயினும் பாக்ட்ரிய நாட்டுக் கடைத்தெருவில் தம் நாட்டு மூங்கிற் கோல்களும் துணியும் விற்கப்படுவதையும், அவை இந்தியா வழியாக அங்கு வந்தன என்பதையும் அவர் அறிந்து வந்து சொன்னார். பேரரசர் தூது விடுமுன்னரே பெயரறியா வணிகர் வழி கண்டுவிட்டனர் என்பது இதனாற் பெறப்படும்.

பட்டுப் பாதை என்று இன்று நாம் வழங்கும் பெயர் பழமையானதன்று. 1877 இல் ரிக்தோஃபன் என்னும் செருமானிய நிலநூலறிஞர் வழங்கிய பின்னரே அது பரவலாயிற்று. உண்மையில் அது ஒரு பாதையுமன்று. பாலைவனங்களின் ஓரமாக, நீருள்ள ஊர்களைத் தொட்டுத் தொட்டுச் சென்ற பல தடங்களின் தொகுதி. ஒரு வணிகனே சீனத்திலிருந்து உரோமாபுரி வரை சென்றான் என்று எண்ணுதல் தவறு. ஒருவன் இரண்டு மூன்று ஊர் கடந்து விற்பான். வாங்கியவன் மேலும் சில ஊர் கடந்து விற்பான். இவ்வாறு கைம்மாறிக் கைம்மாறியே பட்டு மேற்கே போயிற்று. கண்ணாடியும் குதிரையும் வெள்ளியும் கிழக்கே வந்தன. இடையே நின்று பெரும்பாலும் இவ்வணிகத்தை நடத்தியவர்கள் சமர்க்கந்தைச் சூழ்ந்த நாட்டினரான சொக்தியர்.

பிழைப்பின்பொருட்டுப் பிறவூர் போந்த நமக்கு, அச்சொக்தியரைப் பற்றிய ஒரு செய்தி நெஞ்சைத் தொடும். துன்ஹுவாங் நகருக்கு அண்மையில் பாழடைந்த காவற்கோபுரம் ஒன்றில், 1907 இல் ஆரல் ஸ்டைன் ஒரு கடிதக் கட்டினைக் கண்டெடுத்தார். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டவை அக்கடிதங்கள். அவற்றுள் இரண்டினை எழுதுவித்தவள் மீவ்னாய் என்னும் பெண். கணவன் அவளையும் மகளையும் துன்ஹுவாங்கில் விட்டுவிட்டு வாணிகத்தின்பொருட்டு அகன்று போயிருந்தான். கைப்பொருள் கரைந்து, உதவுவாரின்றி, ஊர் திரும்ப வழிச்செலவும் இன்றி அவள் தன் தாய்க்கும் கணவனுக்கும் எழுதினாள். அக்கட்டு போய்ச் சேரவேயில்லை. பட்டின் பளபளப்பைப் பேசும் நூல்கள் பல. இப்பெண்ணின் பெயரைச் சொல்பவை சிலவே.

நம் நாடு இவ்வணிகத்திற்குப் புறம்பானதன்று. சீனப் பட்டின் ஒரு பகுதி வடமேற்கு மலைகளைக் கடந்து சிந்து வெளிக்கு இறங்கி, அங்கிருந்து கடலேறிற்று. முசிறித் துறையில் யவனர் பொன்னொடு வந்து மிளகொடு மீண்டதை எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் அகநானூற்றிற் பாடியுள்ளார். அம்முசிறியிலிருந்து கொங்கு நாட்டுக்கு வணிகர் சென்ற வழி பாலக்காட்டுக் கணவாய். கோவைப் பகுதியிற் புதையலாகக் கிடைத்த உரோமானியக் காசுகள் அதற்குச் சான்று. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் செல்ல நாம் இரயிலில் கடக்கின்ற கணவாயும் அதுவே.

தாங் மரபினர் காலத்தில், கி.பி. ஏழு எட்டாம் நூற்றாண்டுகளில், இப்பெருவழி மிகச் சிறந்து விளங்கிற்று. பின்னர் 751 இல் தலாஸ் ஆற்றங்கரையில் அரபுப் படையிடம் சீனப் படை தோற்றது. 755 இல் ஆன் லூசான் என்னும் படைத்தலைவன் கிளர்ச்சி செய்தான். சீனம் மேற்றிசையினின்று தன் படைகளை மீட்டுக்கொண்டது. காவல் நீங்கியதும் வழி இளைத்தது. மீண்டும் அது உயிர்பெற்றது பதின்மூன்றாம் நூற்றாண்டில். அதுவும் கொடிய முறையில். 1206 இல் செங்கிஸ் கான் மங்கோலியக் குலங்களின் தலைவனானான். சமர்க்கந்தும் புகாராவும் அவன் படையால் அழிந்தன. 1258 இல் அவன் பேரன் ஹுலாகு பாக்தாது நகரை அழித்தான். இவ்வழிவுகளின் மேல்தான், கருங்கடல் முதல் சீனக் கடல் வரை ஒரே குலத்தினர் ஆணை செல்லும் நிலை ஏற்பட்டது. மங்கோலிய அமைதி என்று வரலாற்றாசிரியர் புகழும் அமைதி இதுவே. அதன் விலையைக் கொடுத்தவர் புகழ்ச்சியைக் கேட்க எஞ்சியிருக்கவில்லை.

இந்த அமைதிக் காலத்திலேதான் போலோ குடும்பத்தினர் வரலாற்றில் தோன்றுகின்றனர். வெனிஸ் நகரத்து நிக்கோலோ போலோவும் அவர் உடன்பிறந்தார் மஃபியோவும் கான்ஸ்டாண்டிநோபிளில் வணிகம் செய்தவர்கள். அங்கிருந்து கருங்கடலைக் கடந்து வோல்கா ஆற்றங்கரையிலிருந்த பெர்க்கே கானின் நாட்டிற்கு மணிக்கற்களைக் கொண்டு சென்றனர். 1262 இல் பெர்க்கேவுக்கும் ஹுலாகுவுக்கும் போர் மூண்டது. திரும்பும் வழி அடைபட்டது. மேற்கே போகவியலாமற் கிழக்கே சென்று புகாராவில் மூன்றாண்டு தங்கினர். அவ்வழியாக வந்த தூதர் ஒருவர், குப்ளாய் கான் இலத்தீன் மக்களைக் கண்டதில்லை என்று கூறி அவர்களை உடனழைத்துச் சென்றார். கான் அவர்களை வரவேற்று, கிறித்தவக் கல்வியில் வல்ல நூறு அறிஞரையும், எருசலேமில் ஏசுநாதர் கல்லறை விளக்கிலிருந்து சிறிது எண்ணெயையும் கொணருமாறு போப்பாண்டவருக்குத் தூதாக அனுப்பினார். வழியெங்கும் குதிரையும் உணவும் துணையும் பெறுவதற்கு உரிமை தரும் பொற்றகடு ஒன்றும் அளித்தார்.

1269 இல் அவர்கள் மீண்டபோது போப்பாண்டவர் இறந்து, அடுத்தவர் தேர்ந்தெடுக்கப்படாதிருந்தார். நிக்கோலோ வெனிஸிலுள்ள தம் வீட்டை அடைந்தார். மனைவி மறைந்துவிட்டாள். பதினைந்து வயது மகன் ஒருவன் எதிரே நின்றான். அவனே 1254 இல் பிறந்த மார்க்கோ. தந்தை முகத்தை மகனும், மகன் முகத்தைத் தந்தையும் அன்றுதான் கண்டனர் என்று கருதுவோர் உண்டு. வணிகத்தின் இலாபக் கணக்கில் இத்தகைய செலவுகள் எழுதப்படுவதில்லை.

1271 இல் மூவரும் புறப்பட்டனர். மார்க்கோவுக்கு வயது பதினேழு. புதிய போப்பாண்டவர் பத்தாம் கிரகோரி நூறு அறிஞருக்குப் பதிலாக இரண்டு துறவியரையே அனுப்ப இயன்றது; அவ்விருவரும் எகிப்தியப் படை வருகிறது என்று கேட்டு முதற்கட்டத்திலேயே திரும்பிவிட்டனர். எண்ணெயை மட்டும் எடுத்துக்கொண்டு வணிகர் மூவரும் முன்னேறினர். அச்சத்தில் துறவியைவிட வணிகன் குறைந்தவன் என்பதன்று. முதலீடு செய்துவிட்டவன் எளிதில் திரும்புவதில்லை.

பாரசீகத்தைக் கடந்து ஓர்முசுத் துறையை அடைந்தனர். அங்கிருந்து கப்பலேறுவதே அவர்கள் கருத்து என்று ஆராய்ச்சியாளர் கொள்வர். ஆங்கிருந்த கப்பல்களைக் கண்டதும் அவர்கள் மனம் மாறிற்று. அக்கப்பல்களின் பலகைகள் இரும்பாணியால் அறையப்படாமல் தேங்காய்நார்க் கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. ஒற்றைப் பாய், ஒற்றைச் சுக்கான், மேல்தளம் இல்லை. சரக்கின்மேல் தோலை விரித்து அதன்மேல் குதிரைகளை நிறுத்தி இந்தியாவுக்கு அனுப்பினர். இவற்றை நம்பிக் கடலில் இறங்குதல் பேரிடர் என்று மார்க்கோ கருதினார். கயிற்றால் தைத்த மரக்கலம் அலையின் மோதலுக்கு நெகிழ்ந்து கொடுக்குமென்பதும், நூற்றாண்டுகளாக அரபுக் கடலைக் கடந்தவை அவையே என்பதும் வெனிஸ் நகரத்தார்க்குத் தெரியவில்லை. மலையாளக் கரையில் கயிறு திரிப்போரைத் தினந்தோறும் காணும் நமக்கு அக்கயிற்றின் வலிமையைச் சொல்ல வேண்டுவதில்லை. எவ்வாறாயினும், அன்று அவர் அஞ்சியதனாலேயே உலகம் ஒரு பயணநூலைப் பெற்றது.

மூவரும் வடக்கே திரும்பிப் பால்க் நகரையும், மாணிக்கமும் நீலக்கல்லும் விளையும் பதக்சானையும் அடைந்தனர். அங்கே மார்க்கோ ஓராண்டளவு நோயுற்றிருந்து, மலையின் தூய காற்றால் நலம்பெற்றார். பிறகு பாமீர் மேட்டுநிலம். பறவையும் பறவாத அவ்வுயரத்தில் தீ சுடர்விட்டு எரியாததையும், உணவு நன்றாக வேகாததையும் அவர் குறித்துள்ளார். குளிரே காரணம் என்று அவர் எண்ணினார், காற்றின் அழுத்தக் குறைவே காரணம் என்று நாம் அறிவோம். அங்கே அவர் கண்ட நீண்ட கொம்புடைய காட்டுச் செம்மறி இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. காஷ்கர், யார்க்கண்டு, பச்சைக்கல் விளையும் கோதான் ஆகிய ஊர்களைக் கடந்து லோப் பாலையின் விளிம்பை அடைந்தனர்.

இப்பாலையைப் பற்றி அவர் கூறுவது வழியின் இயல்பை நமக்கு நன்கு உணர்த்துகிறது. குறுகிய இடத்திற் கடக்கவே ஒரு திங்கள் ஆகும். ஒருநாள் வழிக்கு ஓரிடம் நீர் உண்டு. அதுவும் ஐம்பது நூறு பேருக்கு மேற்பட்ட கூட்டத்திற்குப் போதாது. இரவிற் பின்தங்கியவனை ஆவிகள் பெயர்சொல்லி அழைத்து வழிதவறச் செய்யும் என்று மக்கள் நம்பினர். ஆதலால் விலங்குகளின் கழுத்தில் மணி கட்டி, உறங்குமுன் மறுநாள் செல்லும் திசையைக் காட்டும் அடையாளம் நட்டு வைத்தனர். பேய்க்கதை என்று நாம் நகைத்து ஒதுக்கிவிடலாம். ஆயினும் மணல் பெயரும் ஓசையும், நீரின்மையால் வரும் மயக்கமும், தனிமையின் அச்சமும் சேர்ந்தால் எவர் செவியிலும் அழைப்புக் கேட்கும். இத்தகைய வழியில் கிணறு தூர்ந்து ஓராண்டு பாராமல் விட்டால் அவ்வழியே இறந்துபடும். பெருவழியின் வாழ்வு பேரரசர் கையில் இருந்ததைப்போலவே, கிணற்றைத் தூர்வாரிய ஊர்மக்கள் கையிலும் இருந்தது.

மூன்றரை ஆண்டுப் பயணத்தின் பின், 1275 அளவில், சாங்து என்னும் கோடைத் தலைநகரில் கானைக் கண்டனர். மார்க்கோ அந்நாட்டு வழக்குகளையும் மொழிகள் சிலவற்றையும் விரைந்து கற்றுக்கொண்டார். தொலைநாடுகளுக்கு அனுப்பப்பட்ட தூதர் பலர் போன காரியத்தை மட்டும் சொல்ல, இவ்விளைஞர் வழியிற் கண்ட மக்களையும் வழக்கங்களையும் எடுத்துரைத்ததால் கான் இவரைப் பெரிதும் விரும்பினார் என்று அவர் நூல் கூறும். பதினேழு ஆண்டுகள் அங்கே பணிபுரிந்தார். முசுக்கட்டை மரப்பட்டையிற் செய்த காகிதப் பணம், விறகுபோல் எரியும் கருங்கல்லாகிய நிலக்கரி, வழிநெடுகக் குதிரைகள் காத்திருந்த அஞ்சல் நிலையங்கள், ஹாங்சௌ நகரத்தின் பாலங்களும் சந்தைகளும் என அவர் கண்டு கூறியவை பல. ஐரோப்பியர் இவற்றைப் பொய் என்றனர்.

அவர் சீனம் சென்றதே ஐயத்திற்குரியது என்று நம் காலத்திலும் 1995 இல் ஒரு நூல் வெளிவந்தது. தேநீரைச் சொல்லவில்லை, பெருஞ்சுவரைச் சொல்லவில்லை என்பன அந்நூலார் காட்டிய காரணங்கள். இன்று காணப்படும் செங்கற் பெருஞ்சுவர் பெரும்பாலும் பின்வந்த மிங் மரபினர் கட்டியது. கட்டாத சுவரை அவர் எங்ஙனம் காண்பார்? இதனினும் வலிய சான்று ஒன்று உண்டு. அவர் பெயர்சொல்லிக் குறித்த பாரசீகத் தூதர் மூவரின் பெயர்களும் சீன அரசின் பழைய ஆவணமொன்றில் அவ்வாறே உள்ளன. சீன அறிஞர் யாங் சிஜியூ 1941 இல் அதனை வெளிப்படுத்தினார். போலோக்களின் பெயர் அவ்வாவணத்தில் இல்லை என்பது உண்மை. ஆனால் அத்தூதர் பெயர்களை வீட்டிலிருந்தபடி ஒருவர் புனைந்திருக்க முடியாது.

அத்தூதர் மூவருமே மார்க்கோவின் மீட்சிக்குக் காரணமாயினர். முதுமையுற்ற கான் இறந்தால் தமக்குப் பாதுகாப்பில்லை என்று உணர்ந்த போலோக்கள் விடை கேட்டனர். பலமுறை கேட்டும் கான் இசையவில்லை. பொன்னும் மதிப்பும் இருந்தன. ஊர் திரும்பும் உரிமை மட்டும் இல்லை. இந்நிலையில் பாரசீகத்தை ஆண்ட ஆர்கூன் தன் மனைவியை இழந்தான். அவள் குலத்துப் பெண்ணையே மணக்க விரும்பித் தூதரை அனுப்பினான். பதினேழு வயதுடைய கோகச்சின் என்னும் நங்கை தேர்ந்தெடுக்கப்பட்டாள். தூதர் அவளை அழைத்துக்கொண்டு தரைவழியே புறப்பட்டனர். எட்டுத் திங்கள் சென்றபின், மங்கோலிய அரசர்க்குள்ளேயே போர் மூண்டிருந்தமையால் வழியின்றித் திரும்பி வந்தனர்.

நாம் தொடக்கத்திற் கேட்ட வினாவுக்கு விடை இங்கேதான் உள்ளது. நடு ஆசியாவில் காய்து என்னும் மங்கோலியத் தலைவன் குப்ளாயின் ஆணையை ஏற்காது பல்லாண்டு போரிட்டுவந்தான். கானின் பொற்றகடு கானின் பகைவன் நாட்டில் செல்லுமா? ஒரு பேரரசு தந்த வழியை அப்பேரரசின் உட்பூசலே அடைத்துவிட்டது. அக்காலத்தில்தான் மார்க்கோ கடற்பயணம் ஒன்றிலிருந்து மீண்டிருந்தார். கடலறிந்த இவ்விலத்தீனர் மூவரையும் உடனனுப்புமாறு தூதர் வேண்டவே, கான் வேறு வழியின்றி இசைந்தார்.

1292 இன் தொடக்கத்தில், ஜெய்தூன் என்று அரபு வணிகர் வழங்கிய சுவான்சௌ துறையிலிருந்து நான்கு பாய்மரங்களையுடைய பதினான்கு கப்பல்கள் புறப்பட்டன. மிளகேற்றிய ஒரு கப்பல் கிறித்தவ நாடுகளுக்கென அலெக்சாந்திரியாவுக்குச் சென்றால், இத்துறைக்கு நூறு கப்பல் வருகின்றன என்று மார்க்கோ மதிப்பிட்டார். அம்மிளகின் பெரும்பகுதி எக்கரையினது என்று நாம் சொல்லவும் வேண்டுமோ? தமிழ் வணிகர் அத்துறையில் வாழ்ந்தனர் என்பதற்கு ஐயத்துக்கிடமற்ற சான்றும் உண்டு. 1281 ஆம் ஆண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டு ஒன்று சுவான்சௌவில் கிடைத்துள்ளது. சம்பந்தப் பெருமாள் என்பார் மங்கோலியக் கான் ஒருவர் நலத்தின்பொருட்டு அங்கே சிவபெருமானை எழுந்தருளுவித்த செய்தியை அது கூறுகிறது. மார்க்கோ சீனத்தில் வாழ்ந்த ஆண்டுகளிலேயே பொறிக்கப்பட்ட கல் அது. பிறவூரிற் பிழைக்கச் சென்ற தமிழர் முதலிற் கோயிலெடுத்தனர். சங்கம் வைப்பது பிற்கால வழக்கம் போலும்!

சுமத்திராவில் பருவக்காற்றுக்காக ஐந்து திங்கள் காத்திருந்து, இலங்கையைக் கண்டு, அவர்கள் பாண்டிய நாட்டை அடைந்தனர். அரபு வணிகர் வழக்கப்படி மார்க்கோ அதனை மாபார் என்பார். மாறவர்மன் குலசேகர பாண்டியனும் அவன் குலத்தினரும் ஆண்ட காலம் அது. மன்னார்க் கடலில் முத்துக் குளிக்கும் முறையை அவர் விரிவாகக் கூறியுள்ளார். சித்திரை வைகாசித் திங்களில் வணிகர் கூட்டாகச் சேர்ந்து படகும் குளிகாரரும் அமர்த்துவர். எடுத்த முத்தில் பத்திலொரு பங்கு அரசனுக்கு. சுறாமீன்கள் தீண்டாதபடி மந்திரித்துக் கட்டியவர்க்கு இருபதிலொரு பங்கு. இரவில் மந்திரத்தைத் தளர்த்திவிடுவார்களாம், திருட்டுத்தனமாக எவரும் மூழ்கி முத்தெடுக்காமலிருக்க!

காயல் துறை அன்று பெருந்துறை. பொருநையாற்று முகத்திலுள்ள பழையகாயலே அது என்று கால்டுவெல் ஆராய்ந்து கூறி, அங்கே சீனப் பீங்கானின் உடைந்த ஓடுகளையும் கண்டெடுத்தார். ஓர்முசிலிருந்தும் ஏதனிலிருந்தும் குதிரைக் கப்பல்கள் அங்கே வந்தன. ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை அரசன் வாங்க, ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்பது மார்க்கோவின் கூற்று. குதிரைக்குச் சோறும் இறைச்சியும் வேகவைத்து ஊட்டினராம். இலாடம் கட்டவும் மருத்துவம் பார்க்கவும் அறிந்தவர் இல்லை. அத்தகையோர் இங்கு வாராமல் குதிரை வணிகரே பார்த்துக்கொண்டனர். எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். ஆனால் பாண்டியர் பொன் கடல்வழியே வெளியேறிய வகை இதனாற் புலப்படும்.

மூக்கிலும் வாயிலும் படாமல் கலத்தை உயர்த்தி நீர் அருந்துதல், வலக்கையால் மட்டும் உண்ணுதல், வெற்றிலை மெல்லுதல், தரையில் அமர்தல் எனத் தமிழரின் அன்றாட வழக்கங்களை அவர் வியந்து குறித்திருக்கின்றார். இவற்றினும் நம்மைப் பெருமிதம் கொள்ளச் செய்வது ஒரு நிகழ்ச்சி. கடன் பட்டவன் தவணை தப்பினால், கடன் கொடுத்தவன் அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் வரைவான். கடனைத் தீர்க்காமல் அவ்வட்டத்தைத் தாண்டுதல் கூடாது. பாண்டிய மன்னனே வேற்றுநாட்டு வணிகன் ஒருவனுக்குப் பணம் தரத் தாமதித்தான். குதிரைமேல் வந்த மன்னனைச் சுற்றி அவ்வணிகன் வட்டம் வரைந்துவிட்டான். மன்னன் குதிரையை அங்கேயே நிறுத்தி, பணம் வந்து சேரும்வரை அசையாதிருந்தான். இதனைத் தம் கண்ணாற் கண்டதாக மார்க்கோ சொல்கிறார். தரைவழியைக் காத்தது மங்கோலியனின் வாள். காயலில் வணிகனைக் காத்தது ஒரு சுண்ணாம்புக் கோடோ கரிக்கோடோதான். ஆனால் மன்னன் அதை மதித்தான்.

அடுத்து மலையாளக் கரை. கொல்லத்தில் மிளகு, இஞ்சி, சப்பங்கி மரம், அவுரி ஆகியவற்றையும், அங்கு வாழ்ந்த யூதரையும் கிறித்தவரையும் கண்டார். மே முதல் ஜூலை வரை மிளகு பறிக்கப்படுவதாக அவர் நூலில் உள்ளது. மட்டாஞ்சேரி மிளகுக் கடைக்காரர் கேட்டால் சிரிப்பர், மார்கழிக்கு மேல்தானே இங்குப் பறிப்பு. கடற்கொள்ளையர் இருபது முப்பது கலங்களைச் சில கல் இடைவெளியில் நிறுத்திக் கடலையே வேலியிட்டு, தீயாற் குறிகாட்டிக் கப்பல்களைப் பிடித்த முறையையும் அவர் கூறுகிறார். ஏழிமலையைக் குறிப்பிடும் அவர் கொச்சியைச் சொல்லவில்லை. சொல்லாமை வியப்பன்று. 1341 இல் பெரியாறு பெருக்கெடுத்து இக்காயலின் வாய் அகன்ற பின்னரே கொச்சி துறைமுகமாயிற்று என்பர். தேவராக் கரையில் நின்று மேற்கே நாம் காணும் வில்லிங்டன் தீவோ, 1920களிலும் 30களிலும் தோண்டிய மண்ணைக் கொட்டி விரித்தது.

ஓர்முசை அவர்கள் அடைந்தது 1293 இல். புறப்பட்ட தூதர் மூவருள் ஒருவரே உயிருடன் இருந்தார். ஏறிய அறுநூற்றுவருட் பலர் வழியில் இறந்தனர். மணமகன் ஆர்கூனோ 1291 லேயே இறந்துவிட்டான். கோகச்சின் அவன் மகன் காசானுக்கு மணமுடிக்கப்பட்டாள். போலோக்கள் விடைபெற்றபோது அவள் அழுதாள் என்று நூல் கூறும். கருங்கடற்கரையில் திரபிசோந்து நகரத்தார் அவர்களுடைய பொருளிற் பெரும்பகுதியைப் பறித்துக்கொண்டனர். கொடும்பாலையில் நேராத இழப்பு, வீட்டுக்கு அண்மையில் கிறித்தவ அரசு ஒன்றில் நேர்ந்தது. 1295 இல் வெனிஸ் சேர்ந்தனர்.

பின்னர் ஜெனோவா நகரத்தாருடன் நடந்த கடற்போரில் மார்க்கோ சிறைப்பட்டார். 1298 அளவில் அச்சிறையிலே, பீசா நகரத்து ருஸ்திக்கெல்லோ என்னும் கதைநூலாசிரியர் உடனிருந்தார். மார்க்கோ சொல்ல, ருஸ்திக்கெல்லோ பிரெஞ்சு கலந்த மொழியில் எழுத, அந்நூல் பிறந்தது. வீர கதை எழுதிப் பழகிய கை ஆதலின் போர்க்களங்கள் எல்லாம் ஒன்றுபோலவே உள்ளன. சரக்கும் நாணயமும் வரியும் பேசப்படும் இடங்களில்தான் வணிகர் மார்க்கோவின் குரலை நாம் கேட்கிறோம். 1299 இல் விடுதலையாகி, தொனாதா என்னும் நங்கையை மணந்து, பெண்மக்களைப் பெற்று, மற்றை வெனிஸ் வணிகரைப்போலவே கொடுக்கல் வாங்கலும் வழக்குமாக வாழ்ந்தார். 1324 சனவரியில் நோய்வாய்ப்பட்டு இறுதி முறி எழுதுவித்தார். தத்தார் இனத்துப் பணியாள் பீட்டருக்கு அதில் விடுதலை அளித்தார். அவர் விட்டுச்சென்ற பொருள்களுள் கானின் பொற்றகடும் ஒன்று. சொன்னவை பொய் என்று இப்போதேனும் ஒப்புக்கொள்ளுமாறு நண்பர் வற்புறுத்த, கண்டவற்றிற் பாதியைக்கூடத் தாம் சொல்லவில்லை என்று அவர் மறுத்ததாக ஒரு வழிவழிச் செய்தி உண்டு.

அவர் மறைந்து சில ஆண்டுகளே அப்பெருவழி நன்றாக இருந்தது. 1340 அளவில் பெகலோத்தி என்னும் பிளாரன்ஸ் நகரத்தார் வணிகர்க்கு ஒரு கையேடு தொகுத்தார். சீனம் செல்லும் வழி இரவும் பகலும் அச்சமற்றது என்று அதில் உறுதியளித்தார். ஆனால் பாரசீக மங்கோலிய அரசு 1335 லேயே வாரிசின்றிச் சிதறத் தொடங்கியிருந்தது. 1340களில் கொள்ளைநோய் அவ்வழிகளின் ஊடே மேற்கே பரவிற்று. 1368 இல் சீனத்தில் மங்கோலியர் ஆட்சி முடிந்தது. வோல்காக் கரைச் சந்தை நகரங்களை 1395 இல் தைமூர் எரித்தான். ஒட்டகங்கள் ஒரேநாளில் நின்றுவிடவில்லை. சமர்க்கந்து வணிகர் பின்னும் சீனம் சென்று வந்தனர். ஆயினும் கடலில் ஒரு கப்பல் சுமக்கும் சரக்கைத் தரையிற் சுமக்க ஆயிரக்கணக்கில் ஒட்டகம் வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் சுங்கம் வேண்டும். அமைதி இருந்தவரை அச்செலவு தாங்கிற்று. அமைதி போனபின் தாங்கவில்லை.

மார்க்கோவின் நூலைப் படித்துப் பக்க ஓரங்களிற் குறிப்பெழுதியவருள் கொலம்பஸும் ஒருவர். அப்படி இன்றும் செவில் நகரில் உள்ளது. 1498 இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்தார். 1524 திசம்பர் 24 ஆம் நாள் நம் கொச்சியிலேயே இறந்தார். கோட்டைக் கொச்சியிலுள்ள பிரான்சிஸ் தேவாலயத்தில் அவரை அடக்கிய குழி இன்றும் கற்சட்டத்துடன் காட்டப்படுகிறது. எலும்புகள் 1539 இல் போர்ச்சுகல் சென்றுவிட்டன. மார்க்கோ போலோ அடக்கம் செய்யப்பட்டது வெனிஸ் சான் லொரென்சோ தேவாலயத்தில், தந்தையின் அருகில். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அத்தேவாலயத்தை இடித்துக் கட்டியபோது அக்கல்லறை இருந்த இடம் தெரியாமற் போயிற்று.